தேடாமல் கிடைத்த புஸ்தகம்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 22:3-20, லேவியராகமம் 13-ம் அதிகாரம்

   

இந்த முறை நாம் தியானிக்கப்போவது ஒரு ரிப்பேர் வேலையைப் பற்றி. ஆமாம், ரிப்பேர் வேலைதான். யூதாவை ஆண்ட யோசியா எட்டு வயசிலே சிங்காசனம் ஏறினவன். அவனுடைய ராஜ்யபாரத்தின் பதினெட்டாம் வருஷத்திலே, ஏறக்குறைய 26 வயசு வாலிபனாய் இருக்கும்போது, ஆலயம் பழுதாய்க் கிடக்கிறதைக் கண்டு, அதைச் சீர்ப்படுத்த ஆட்களை அனுப்பினான். தச்சர் வந்தார்கள், கொத்தர் வந்தார்கள், மரமும் கல்லும் வாங்கப் பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. அந்த வேலை நடக்கும்போதுதான் ஆசாரியனாகிய இல்க்கியாவின் கையிலே ஒரு புஸ்தகம் கிடைத்தது. அது நியாயப்பிரமாண புஸ்தகம்.

கவனிங்க. யாரும் அந்தப் புஸ்தகத்தைத் தேடிப் போகவில்லை. ஆலயத்தைப் பழுதுபார்க்கத்தான் போனார்கள். ஆனால் கிடைத்தது, முழு தேசத்தையும் உலுக்குகிற ஒரு செய்தி! கழுதைகளைத் தேடிப்போன சவுலுக்கு சாமுவேலும் அபிஷேகமும் கிடைத்ததே, அந்த மாதிரி. தேடினது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். சம்பிரதியாகிய சாப்பான் ராஜாவிடம் வந்தபோது முதலிலே எதைச் சொன்னான்? பணக் கணக்கைச் சொன்னான். இவ்வளவு எடுத்தோம், இன்னாரிடம் கொடுத்தோம் என்று ஒப்புவித்தான். அதற்கப்புறம்தான், கடைசியிலே, ஆசாரியன் ஒரு புஸ்தகம் கொடுத்தான் என்று சொல்லி வாசித்தான். பெரிய விஷயம் கடைசி வரியிலே வந்தது! இதை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு பேசுவோம்.

பிரியமானவர்களே, இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? இன்றைக்கு ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம்முடைய வீடுகளிலே இதே காரியம்தான் நடக்கிறது. வயிற்று வலி என்று ஸ்கேனுக்குப் போகிறோம். கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனால், ரிப்போர்ட்டிலே நாம் கேட்காத ஐந்து வார்த்தைகள் எழுதி வருகிறது. டாக்டர்கள் இதற்கு 'இன்சிடென்டல் ஃபைண்டிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதாவது, வேறொன்றைத் தேடும்போது தற்செயலாய்த் தென்பட்டது. அட்ரினல் சுரப்பியிலே இப்படித் தற்செயலாய்த் தெரிகிற கட்டிகளுக்கு 1982-ம் வருஷத்திலேயே 'இன்சிடென்டலோமா' என்று ஒரு தனிப் பேரே வைத்துவிட்டார்கள். அவ்வளவு சகஜமான விஷயம்!

நம்முடைய தாத்தா காலத்திலே இந்தப் பிரச்சினை இல்லை. 1895-ம் வருஷம் நவம்பர் மாதம் ஜெர்மனியிலே ரான்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவியின் கையைப் படம் எடுத்தபோது எலும்பும், விரலிலே போட்டிருந்த மோதிரமும் தெரிந்தது. 1971-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி லண்டனிலே முதல் முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மெஷினை உண்டாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றைக்குத் தலையை மட்டும் பார்த்தது, இன்றைக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் பார்க்கிறது. பார்க்கிற கண் கூர்மையானால், தெரிகிற மறுவும் தழும்பும் அதிகமாகத்தானே இருக்கும்?

என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், ஆம்பூர் பக்கத்திலே ஒரு டேனரியில் வேலை செய்கிறவர். முப்பது வருஷமாய்த் தோல் செலக்ஷன் பார்க்கிறவர். போன வருஷம் ஒரு ராத்திரி இடது விலாவிலே வலி எடுத்து, புரண்டு துடித்துவிட்டார். கல்லடைப்பாய் இருக்கும் என்று சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். நினைத்தபடியே இடது பக்கம் சிறுநீர்க் குழாயிலே 5 மில்லிமீட்டர் கல். அந்தக் கல் மாத்திரையிலும் தண்ணீரிலும் இரண்டு வாரத்துக்குள்ளே தானாய் வெளியே வந்துவிட்டது. ஸ்தோத்திரம்! ஆனால் ரிப்போர்ட் அதோடு நிற்கவில்லை. வலது நுரையீரலின் அடியிலே 6 மில்லிமீட்டர் 'கால்சிஃபைட் கிரானுலோமா' என்று ஒரு வரி. இடது சிறுநீரகத்திலே 'சிம்பிள் சிஸ்ட்' என்று ஒரு வரி. கடைசி வரியிலே, வலது சிறுநீரகத்திலே 28 மில்லிமீட்டர் அளவிலே ஒரு 'லீஷன்', மருந்து செலுத்தி மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

அன்று ராத்திரி அந்த வீட்டிலே நடந்ததை யோசியாவின் அரண்மனையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தேவன் எனக்கு நாலு காரியங்களைக் காண்பித்தார்.

1. கிடைத்ததை மறைக்கக்கூடாது

இல்க்கியா அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துப் பயந்து, திரும்ப சுவருக்குள்ளே வைத்துப் பூசிவிடவில்லை. சாப்பானிடம் கொடுத்தான். சாப்பான் ராஜாவின் முன்பாக அதை வாசித்தான். ராஜா மனம் உடைந்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். ஆனாலும் யாரும், 'ராஜாவுக்கு இளவயசு, தாங்கமாட்டார், சொல்லவேண்டாம்' என்று மறைக்கவில்லை.

நம்முடைய வீடுகளிலே என்ன செய்கிறோம்? மச்சானுடைய பையன் போனிலே 'கிரானுலோமா' என்று தட்டிப் பார்த்தான். 'ஓமா' என்று முடிந்தாலே கேன்சர்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே அழுகை. அவருடைய மனைவி, அந்த அக்கா, ரிப்போர்ட்டை பீரோவிலே பட்டுப்புடவைக்கு அடியிலே வைத்துப் பூட்டிவிட்டார்கள். 'கல்லு மட்டும்தாங்க, வேற ஒண்ணும் இல்ல' என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்பினாலேதான் செய்தார்கள், நான் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் மறுநாள் மச்சான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன சொன்னார் தெரியுமா? "மாப்ளே, முப்பது வருஷமா நான் செலக்ஷன் டேபிள்ல நிக்கிறேன். தோலைக் கையில தடவினாலே எங்க கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சுடும். வீட்ல இருக்கிறவங்க மூஞ்சிய பாத்தா எனக்குத் தெரியாதா? என் உடம்புல இன்னா இருக்குதுன்னு எனக்குத்தானே முதல்ல சொல்லணும்?"

தேவபிள்ளைகளே, அது நியாயமான கேள்வி. சரீரம் அவருடையது. ஜெபிக்கவேண்டியவரும் அவர்தான், முடிவு எடுக்கவேண்டியவரும் அவர்தான். மறைக்கப்பட்ட மனுஷன் தனியாய்ப் பயப்படுகிறான். சொல்லப்பட்ட மனுஷனோ நம்மோடுகூட முழங்கால் போடுகிறான். சனகெரிப்பின் மிரட்டல் நிருபம் வந்தபோது எசேக்கியா என்ன செய்தான்? அதை வாசித்தான், ஆலயத்துக்குப் போனான், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்துவைத்தான் (2 இராஜாக்கள் 19:14). முதலிலே வாசித்தான், அப்புறம்தான் விரித்தான். பூட்டிவைத்த காகிதத்தை எப்படி விரிக்கிறது?

அன்று ராத்திரி அந்த ரிப்போர்ட்டை எடுத்து, பாயின் மேலே விரித்து, மச்சானும் அக்காவும் பிள்ளைகளும் நானும் என் மனைவியும் சுற்றிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாய் வாசித்து ஜெபித்தோம். ஜெபம் முடிந்தபோது வியாதி போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டிலே இருந்த பொய் போய்விட்டது.

2. வாசிக்கத் தெரிந்தவரிடம் கேட்கவேண்டும்

யோசியா தானே அந்தப் புஸ்தகத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளவில்லை. ஐந்து பேரை அனுப்பினான். அவர்கள் யாரிடம் போனார்கள்? உல்தாள் என்கிற தீர்க்கதரிசியிடம். அந்த அம்மாள் எருசலேமிலே குடியிருந்த ஒரு குடும்ப ஸ்திரீ. பிரதான ஆசாரியனும் ராஜாவின் ஊழியக்காரரும் அந்த வீட்டு வாசலிலே போய் நின்றார்கள். ஏன்? எழுதியிருக்கிறதைப் படிப்பது வேறு, அதன் அர்த்தத்தை அறிவது வேறு.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் அப்படித்தான். அதிலே இருக்கிற வார்த்தைகள் டாக்டருக்கு டாக்டர் எழுதுகிற பாஷை. நாம் அதைப் படித்தால் தலைகீழாய்ப் புரியும். சில வார்த்தைகளைச் சொல்கிறேன், வீட்டிலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'அன்ரிமார்க்கபிள்' என்று எழுதியிருந்தால் பயப்படவேண்டாம், அந்த உறுப்பிலே குறை ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். 'லீஷன்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. சுற்றிலும் இருக்கிற சதையைவிட வித்தியாசமாய் ஒரு இடம் தெரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். 'சிம்பிள் சிஸ்ட்' என்றால் சாதாரண நீர்க்கட்டி. ஐம்பது வயசுக்கு மேலே சிறுநீரகத்திலே இது அநேகருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. 'கால்சிஃபைட்' என்றால் சுண்ணாம்பு படிந்தது. 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று கடைசியிலே எழுதியிருந்தால், படத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், ஆளையும் பார்த்துச் சேர்த்து யோசியுங்கள் என்று அர்த்தம். நல்ல ஆலோசனை அல்லவா! படம் வேறு, மனுஷன் வேறு.

மச்சானை வேலூரிலே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தவுடனே கேட்ட முதல் கேள்வி, "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்குதா?" என்பதுதான். அக்கா விடுவார்களா? 2009-ல் இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாய் வைத்திருந்தார்கள். அதையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் அம்மா அதை வெளிச்சத்திலே பிடித்துக் காட்டினார்கள். அதே இடத்திலே, அதே அளவிலே, அதே வெள்ளைப் புள்ளி! இத்தனை வருஷமாய் அது அசையவில்லை, வளரவில்லை. "இது நோய் இல்லீங்க. எப்பவோ டி.பி. கிருமி உள்ளே வந்திருக்கு, உங்க உடம்பு அதை எதிர்த்து அடக்கி, சுத்தி சுண்ணாம்புச் சுவர் கட்டிடுச்சு. இது ஆறின தழும்பு" என்று சொன்னார்கள்.

உலக ஜனத்தொகையிலே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஜனங்களுக்கு டி.பி. கிருமி எப்போதாவது உள்ளே போயிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதே இல்லை. உள்ளே நடந்த யுத்தமும் தெரியாது, ஜெயமும் தெரியாது. அல்லேலூயா! நாம் தூங்கும்போது, நாம் கேட்காதபோது, நம்முடைய சரீரத்துக்குள்ளே தேவன் வைத்திருக்கிற காவல் எத்தனை யுத்தங்களை ஜெயித்திருக்கிறது! வீட்டார் மரணத்தின் முத்திரை என்று அழுத அந்தப் புள்ளி, பழைய ஜெயத்தின் அடையாளமாய் இருந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தோமாவுக்குத் தழும்புகளைத்தானே காண்பித்தார்?

3. காத்திருந்து மறுபடியும் பார்ப்பது அவிசுவாசம் அல்ல

அந்தக் கடைசி வரி இன்னும் மிச்சம் இருந்தது. வலது சிறுநீரகத்திலே இருந்த அந்த 28 மில்லிமீட்டர். அழுதவர்கள் எல்லாரும் நுரையீரலைப் பார்த்து அழுதார்கள். கடைசி வரியை யாரும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பான் கடைசியிலே சொன்னதுதான் பெரிய விஷயம் என்று முன்னமே சொன்னேனே!

டாக்டர் அம்மா அந்த வரியிலேதான் விரலை வைத்தார்கள். "இதைத்தான் நாம பாக்கணும். மருந்து போட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம்" என்று சொல்லி, ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளிலே வந்த ஆலோசனைகள் கொஞ்சமா? ஒருவர் சொன்னார், 'மறுபடியும் ஸ்கேன் எடுத்தால் விசுவாசத்தை இழந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.' இன்னொருவர் சொன்னார், 'ஒன்றுமில்லை என்று எனக்குத் தரிசனத்திலே காட்டப்பட்டது.' இன்னொருவர், 'எந்தப் பாவத்துக்கு வந்ததோ, அறிக்கை செய்யுங்கள்' என்றார். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்ட அதே கேள்வி! யோவான் 9-ம் அதிகாரத்திலே ஆண்டவர் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

பிரியமானவர்களே, லேவியராகமம் 13-ம் அதிகாரத்தை நாம் அநேகமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம். அதைப் பொறுமையாய் வாசியுங்கள். ஒருவனுடைய தோலிலே ஒரு வெள்ளைப் படர் தெரிகிறது. ஆசாரியன் பார்க்கிறான். சந்தேகமாய் இருந்தால் என்ன செய்யவேண்டும்? உடனே தீட்டு என்றும் தள்ளக்கூடாது, சுத்தம் என்றும் அனுப்பக்கூடாது. ஏழு நாள் பொறுத்திருந்து மறுபடியும் பார்க்கவேண்டும். அப்போதும் தெளிவில்லை என்றால் இன்னும் ஏழு நாள். படராமல் அதே இடத்திலே நின்றால், அது புண்ணின் தழும்பு, அவன் சுத்தமுள்ளவன் (வச. 23). படர்ந்திருந்தால் அதற்குத் தகுந்தபடி செய்யவேண்டும். பார்த்தீர்களா? பொறுத்திருந்து மறுபடியும் பார்க்கிற இந்த ஒழுங்கைக் கர்த்தரே மோசேக்குக் கொடுத்தார்! அந்த அதிகாரத்தின் கடைசியிலே தோலினால் செய்த பொருளைக்கூட அதே விதமாய்ப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறது. தோல் தொழில் செய்கிற நமக்கென்றே எழுதினது போல் இல்லையா?

இதை மச்சானுக்குச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "இதுதானே மாப்ளே எங்க வேலையே! முடியோட வர்ற ஆட்டுத்தோல்ல ஒண்ணும் தெரியாது. சுண்ணாம்புல போட்டு முடி எடுத்து, குரோம் ஏறி நீலமா வந்தப்புறம்தான் முள்ளு கிழிச்சது, உண்ணி கடிச்சது எல்லாம் தெரியும். புதுசா வர்ற பையன் எல்லாத்தையும் கழிச்சுப் போட்டுடுவான். தெரிஞ்சவன் தோலைப் புரட்டிப் பாப்பான். ஆறின கீறல் மேலயே நின்னுடும். கத்தி வெட்டு உள்ள போயிருக்கும். புரட்டிப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார். நான் பைபிள் காலேஜிலே படித்த வியாக்கியானத்தைவிட அது தெளிவாய் இருந்தது!

பத்துக் குஷ்டரோகிகளை நம்முடைய ஆண்டவர் சுகமாக்கினபோதும், ஆசாரியரிடத்தில் போய்க் காண்பிக்கும்படிதான் அனுப்பினார் (லூக்கா 17:14). சுகம் கொடுத்த ஆண்டவரே பரிசோதனைக்கு அனுப்பும்போது, பரிசோதனையை அவிசுவாசம் என்று சொல்ல நாம் யார்? மெய்யான அற்புதம் ஸ்கேனுக்குப் பயப்படாது. ஆகையால் ஒருவர் வியாதியைக் குறித்து 'ஒன்றுமில்லை, கர்த்தர் சொன்னார்' என்று சொல்லுமுன் நடுங்கவேண்டும். ஜனங்களின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கினவர்களை எரேமியா எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார்!

அதே சமயம் இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். பயத்தினாலே, வலியும் இல்லாமல் டாக்டரும் சொல்லாமல், பேக்கேஜ் என்று விளம்பரம் பார்த்து உடம்பு முழுவதும் ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். தேடினால் எல்லாருக்கும் ஏதாவது ஒரு தழும்பு தெரியும். அதன் பின்னாலே இன்னொரு ஸ்கேன், இன்னொரு ஊசி, இன்னொரு கடன். ஞானமாய் நடந்துகொள்ளுங்கள்.

4. தெரிந்தபின் செய்யவேண்டியதைச் செய்யவேண்டும்

உல்தாளின் பதில் இரண்டு பங்காய் வந்தது. தேசத்தின்மேல் வரப்போகிற நியாயத்தீர்ப்பு மாறாது என்பது ஒன்று. ராஜாவின் இருதயம் இளகினபடியால் கர்த்தர் அவனுடைய அழுகையைக் கேட்டார் என்பது இன்னொன்று. யோசியா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த அதிகாரம் முழுவதும் அவன் எழும்பிச் செய்த காரியங்கள்தான்.

மச்சானுக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மருந்தை உறிஞ்சினது. இந்த அளவிலே இருக்கிற கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோய் அல்லாததாய் இருக்கும், மற்றவை புற்றுநோயாய் இருக்கும், எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர்கள் விளக்கினார்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. சபையார் உபவாசித்து ஜெபித்தார்கள். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்து, மீதி சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் வெளியே பரவவில்லை, வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டி வருகிறார். மறுபடியும் டேபிளிலே நிற்கிறார்.

'அற்புதமாய்க் கட்டி மறைந்திருந்தால் நல்ல சாட்சியாய் இருந்திருக்குமே' என்று ஒரு சகோதரன் கேட்டார். நான் சொன்னேன்: தம்பி, சிறுநீரகப் புற்றுநோயிலே பாதிக்கு மேலே இப்படித் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆரம்பத்திலே அது வலிக்காது, காட்டிக்கொடுக்காது. வலித்தது எது? இடது பக்கத்துக் கல். அந்த ராத்திரி அந்த 5 மில்லிமீட்டர் கல் நகர்ந்திராவிட்டால், வலது பக்கத்திலே வளர்ந்ததை யார் பார்த்திருப்பார்கள்? 'ஏன் இந்த வேதனை' என்று அவர் கதறின வேதனையே அவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோன கரம். இது சாட்சி இல்லையா?

வேலூரிலே வாழ்கிற நமக்கு இது தெரியவேண்டாமா? 1870-ல் நம்முடைய ராணிப்பேட்டையிலே பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், வாலிபப் பெண்ணாய்த் திண்டிவனத்திலே இருந்தபோது, ஒரே ராத்திரியிலே மூன்று வீட்டார் வந்து, பிரசவத்திலே தவிக்கிற தங்கள் பெண்களுக்கு உதவி கேட்டார்கள். பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த ராத்திரி அவர்கள் தேவனோடு போராடினார்கள். தேவன் அந்தப் பெண்ணை எழுப்பி மருத்துவம் படிக்க அனுப்பினார். 1899-ல் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரிலே ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஜெபத்துக்கும் மருத்துவத்துக்கும் சண்டை என்று சொல்கிறவர்கள், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் நடந்து போய்ப் பார்க்கட்டும். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த கர்த்தருடைய தீர்க்கதரிசியே, புண்ணின்மேல் அத்திப்பழ அடையைப் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7).

எல்லாருக்கும் ஒரே முடிவு வருமா?

வராது. இதையும் நான் சொல்லியாகவேண்டும். உல்தாளின் வார்த்தையினாலே யோசியாவின் நாட்கள் நீளவில்லை. அவன் மெகிதோவிலே விழுந்தபோது வயசு 39. நம்முடைய சபையிலேயும் ஒரு தாயாருக்கு, ரிப்போர்ட் வந்தபோதே காலம் கடந்திருந்தது. அவர்களுக்காகவும் நாம் இதே மாதிரி உபவாசித்தோம், இதே மாதிரி கண்ணீர் விட்டோம். அவர்கள் நாலு மாதத்திலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உண்மையைத் தெரிந்துகொண்டபடியால், அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள், மருமகளோடு ஒப்புரவானார்கள், கொடுக்கவேண்டிய சீட்டுப் பணத்தைக் கொடுத்தார்கள், பயமில்லாமல் போனார்கள். மறைத்திருந்தால் அந்த நாலு மாதத்தையும் நாம் அவர்களிடமிருந்து திருடியிருப்போம்.

ஸ்கேன் என்பது தீர்ப்பு அல்ல, சாபமும் அல்ல. அது ஒரு செய்தி. அதை எழுதின மெஷினுக்கு உங்கள் பேர் மட்டும்தான் தெரியும். உங்கள் உள்ளிந்திரியங்களை உண்டாக்கினவரோ, தாயின் கர்ப்பத்திலேயே உங்களைக் கண்டவர். எந்த ஸ்கேனுக்கும் அவருக்கு நாம் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நமக்குத்தான் அது எதிர்பாராதது. அவருக்கு அல்ல.

இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டு பீரோவிலாவது ஒரு கவர் பூட்டியிருக்கிறதா? அப்பாவிடம் சொல்லாமல், மனைவியிடம் சொல்லாமல், 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைத்திருக்கிறீர்களா? மறுபடியும் வரச் சொன்ன தேதி தாண்டிப் போய்விட்டதா? இன்றைக்கு அதை வெளியே எடுங்கள். குடும்பமாய் விரித்து வைத்து ஜெபியுங்கள். பழைய எக்ஸ்ரே, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையிலே போட்டு, டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன? இதை இப்போதே பார்க்கவேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா? மறுபடியும் எப்போது வரவேண்டும்? தனியாய்ப் போகப் பயமாய் இருந்தால் சபையிலே சொல்லுங்கள், யாராவது கூட வருவோம்.

ஜெபம்

எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் உள்ளங்களையும் எலும்புகளையும் அறிந்தவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எதிர்பாராத செய்தியினாலே கலங்கியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் உம்முடைய சமுகத்திலே வைக்கிறோம். மறைக்காத அன்பைத் தாரும். சரியாய் வாசித்துச் சொல்லுகிற டாக்டர்களுக்கு உல்தாளைப்போல ஞானத்தைத் தாரும். காத்திருக்கிற நாட்களிலே தூக்கத்தைத் தாரும். செய்யவேண்டியதைச் செய்யப் பெலன் தாரும். சுகமானாலும், உம்முடைய சந்நிதிக்கு வந்தாலும், நாங்கள் உம்முடையவர்களாகவே இருக்கக் கிருபை தாரும். இயேசுவின் மூலமாய் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
சபை ஊழியன்